நல்லது என்று நீ சொன்ன தண்ணீர்

மகனே, உன் கல்யாணப் பத்திரிகை நேற்று தபாலில் வந்தது. தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "டீச்சரே, மவனுக்க கல்யாணக் கடிதம் பெத்தவளுக்கே தபாலுலயா வருது?" என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து பிரித்தால் ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். இரண்டு பக்கத்திலும் உன் அப்பா பெயரோடு என் பெயர். எல்லோரும் குடும்பத்தோடு வந்து மணமக்களை வாழ்த்த வேண்டுமென்று நான் அழைக்கிறேனாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரை எடுத்துப் போட்டிருக்கிறாய். ஊர் முன்னால் நீ என் பெயரை இப்படி எடுத்துக்கொள்வது இது இரண்டாவது முறை. முதல் முறை நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு அனுப்புவதோடு நம் ஊர் வாசகசாலை கொண்டுவரும் இதழுக்கும் கொடுக்கிறேன். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று நீ கோபப்படலாம். நீ பொய்யைச் சொன்னது வீட்டுக்குள் இல்லையே மக்கா. எல்லோரும் கூடியிருந்த இடத்தில்தானே சொன்னாய். அதற்கான பதிலை உன் காதில் மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படிக்கிறவர்கள் எல்லோருக்கும் விவரம் தெரிந்திருக்காது. அதனால் நீ அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் ஊரில் கோடை வந்தால் வீட்டுக் கிணறுகள் வற்றிப்போகும். சரிவின் அடியில் இருக்கும் பொதுக் கிணறு மட்டும் வற்றாது. அதிலிருந்து மோட்டார் வைத்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியாக வீடு வீடாகத் தண்ணீர் வருகிறது. இந்தக் குடிநீர்க் குழுவுக்கு நான் செயலாளராக இருந்தேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் என்னைத் தெரியும். இன்று இங்கே கையில் குழந்தையோடு நிற்கிற பெண்களில் பாதிப் பேர் என் கையால் உப்புமா வாங்கித் தின்றவர்கள். நான் ஒன்றைச் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அதை நான் சம்பாதித்த ஒரே சொத்து என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

கிணற்றுக்கு மேலே, ரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் ஒரு தகர ஷெட் வந்தது. எல்லையிலுள்ள பனச்சமூடு வழியாக லாரிகளில் பழைய தண்ணீர் கேன்களும் உடைந்த நாற்காலிகளும் டப்பாக்களும் வரும். அவற்றைக் கழுவி, பொடியாக அரைத்து, மூட்டை கட்டி எங்கேயோ அனுப்புவார்கள். கழுவிய தண்ணீர் வெறும் மண் குழியில் தேங்கி நிற்கும். வெளியூர்க்காரர் யாரோ வாடகைக்கு எடுத்து நடத்துகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மழை முடிந்த சமயத்தில் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை தெரிந்தது. வெயிலில் காய்ந்த புது வாளியில் தண்ணீர் பிடித்தால் வருமே, அப்படி ஒரு வாடை. மோட்டார் இயக்குகிற சுகுமாரன்தான் முதலில் குழுவில் பேச்சை எடுத்தார். "வெள்ளத்த சர்க்கார் லேபுக்குக் கொடுத்துப் பாப்போம் டீச்சரே" என்று தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். நான் விடவில்லை. "என்னத்துக்கு அண்ணே? இதக் கண்டுபிடிக்கியதுக்குள்ள மெஷினையாக்கும் என் மவன் செஞ்சிட்டு இருக்கியான். அவன் வந்து பாத்தா போதும்" என்றேன். அன்று என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

உன் ஆராய்ச்சி என்னவென்று ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதான் ஒரு விடுமுறையில் சமையலறை மேடையில் கருவியை வைத்து எனக்குச் சொல்லித்தந்தாய். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதன் வாயில் செருகுவதற்கு ஒரு மெல்லிய பட்டை, நுனியில் கரி பூசியது. அந்தக் கரியின்மேல் தண்ணீரையும் உன் குப்பியில் இருக்கும் உப்புக் கரைசலையும் ஒரு சொட்டு விட்டு, போனில் பொத்தானைத் தொட்டால் போதும். பெட்டி அந்தச் சொட்டுக்குள் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும், போன் திரையில் ஒரு கோடு நகரும். தண்ணீரில் பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்த பொருள் இருந்தால் ஓரிடத்தில் அது கரிக்கு மின்சாரத்தைக் கொடுக்கும், அங்கே கோடு மேடாக எழும்பும். இல்லையென்றால் கோடு பாட்டுக்கு நேராகப் போய்விடும். அந்தப் பொருளின் பெயர் பிஸ்பீனால் என்று சொன்னாய். கெட்டியான கேன்கள் செய்வதற்கு அதைச் சேர்க்கிறார்களாம். உடம்புக்குள் போனால் அது சுரப்பிகளின் வேலையைக் குழப்பிவிடும், கைக்குழந்தைகள் விஷயத்தில்தான் மிகவும் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த அக்கறையை நான் மறக்கவில்லை.

வெயிலில் ஸ்கூட்டரில் கிடந்த பழைய கேன் தண்ணீரை வைத்து அன்று சோதித்தோம். சின்னதாக ஒரு மேடு எழும்பியது. நான் குழந்தைபோலக் கைதட்டினேன். இன்னொரு தரம் பார்க்கலாம் என்று பட்டையைக் குழாயில் கழுவப்போனேன். நீ என் கையைப் பிடித்தாய். "அம்மா, ஒருக்க பாத்த பட்டைக்குப் பெறவு கண்ணு தெரியாது. அந்தப் பொருளுக்க மிச்சம் கரிமேல தோலு மாதிரி படிஞ்சிரும். பெறவு என்ன வெள்ளத்த விட்டாலும் கோடு நேராட்டுத்தான் போவும். குப்பையில போடு" என்றாய். பட்டை சரியாக இருக்கிறதா என்று அறிய ஒவ்வொரு முறையும் முதலில் சுத்தமான தண்ணீரிலும், பிறகு தெரிந்தே அந்தப் பொருளைக் கலந்த தண்ணீரிலும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாய். "இது கள்ளம் சொல்லாம இருக்கியதுக்கு உள்ள வழியாக்கும்" என்றாய். இந்த வார்த்தையும் உன்னுடையதுதான்.

நீ வந்து மாதிரி எடுத்த நாளில் உன் கூடவே எல்லா வீட்டுக்கும் நான் நடந்தேன். கிணறு, தொட்டி, வழியில் உள்ள குழாய்கள் என்று ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் குப்பியில் பிடித்தாய். பிளாஸ்டிக் குப்பியில் பிடித்தால் கணக்குத் தப்பிவிடும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாய். உன் ஆய்வகத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும், முடிவு வர நாளாகும் என்று சொல்லிப் போனாய். அடுத்த முறை வந்தபோது நம் சமையலறைக் குழாயில் ஒரு கரி ஃபில்டரைப் பொருத்தினாய். பிளீச்சிங் பவுடர் வாடை போகும், அம்மா இனி இந்தக் குழாயில் மட்டும் குடி என்றாய். அப்பாவிடமும் இரண்டு தடவை சொன்னாய். பிள்ளைக்கு நம்மேல் எவ்வளவு கரிசனம் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்.

அதன் பிறகுதான் கூட்டம். வாசகசாலை நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நீ மேசைமேல் கருவியை வைத்து, என்னிடம் சொன்னதைவிட அழகாக எல்லோருக்கும் விளக்கினாய். ஒவ்வொரு வீட்டுத் தண்ணீராக விட்டாய். ஒவ்வொரு முறையும் கோடு நேராகப் போனது. போனை உயர்த்திக் காட்டினாய். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அப்போது கைக்குழந்தையோடு நின்ற பிந்து கேட்டாள். அவளும் என் அங்கன்வாடிப் பிள்ளைதான். "அண்ணா, கொச்சுக்குப் பால்பொடி கலக்கியது இந்த வெள்ளத்துலயாக்கும். கலக்கலாமா?" நீ அவளைப் பார்த்துச் சிரித்தாய். "தைரியமா கலக்கு பிந்து. பேடிக்காண்டாம்." பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "எங்க அம்மையும் இந்த வெள்ளந்தான் குடிக்கியது. பின்ன என்ன?" என்றாய். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஊரின் பயம் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது. உன் கருவியைப் பார்த்ததால் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. என் தலையாட்டலைப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

சில நாள் கழித்துப் பிந்து குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்தாள். தடுப்பூசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது, பாருங்கள் டீச்சர் என்று வந்தவள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குழாயில் இருந்த ஃபில்டரைப் பார்த்தாள். "இது என்னதாக்கும் டீச்சரே?" நான் பெருமையாகத்தான் சொன்னேன், மகன் கொண்டுவந்து வைத்தான் என்று. "வெள்ளம் நல்லதுன்னா பின்ன இது எதுக்கு?" என்று கேட்டாள். அவள் கேள்வியில் சந்தேகம் ஒன்றும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள், அவ்வளவுதான். நான் பிளீச்சிங் பவுடர் வாடை என்று எதையோ சொன்னேன். அவள் சரி என்று போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை. துணி மடிக்கும்போதும் கறிக்கு நறுக்கும்போதும் கூடவே நின்றது. வாடை போகவேண்டுமென்றால் குளிக்கிற குழாய்க்கும் வைத்திருக்கலாமே. குடிக்கிற குழாய்க்கு மட்டும் ஏன்? மெல்ல மெல்லக் கூட்டத்தில் நடந்தது கண்முன் வந்தது. வழக்கமாக நீ வெள்ளிக்காகித உறையைக் கிழித்துத்தான் புதுப் பட்டையை எடுப்பாய். அன்று உறை எதையும் கிழிக்கவில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவிலிருந்து பட்டைகளை எடுத்தாய். சுத்தத் தண்ணீரில் பார்த்தாய். அந்தப் பொருள் கலந்த தண்ணீரில் பார்க்கவே இல்லை.

ஒரு புதன்கிழமை கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் காட்ட நீ வந்தாய். மத்தியானம் குளிக்கப் போயிருந்தபோது உன் பையிலிருந்து கருவியையும் போனையும் எடுத்தேன். திருடியது போலத்தான். உறையைக் கிழித்துப் புதுப் பட்டையைச் செருகினேன். முற்றத்துக் குழாயில் பிடித்த தண்ணீர் ஒரு சொட்டு, உன் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. நீ ஈரத் துண்டோடு வந்து வாசல்படியில் நின்றாய். "இரு. நீ சொல்லித்தந்த மாதிரிதான் செய்யுதேன். தப்புன்னா சொல்லு" என்றேன். கோடு நகர்ந்தது. நகர்ந்து, அன்று ஸ்கூட்டர் கேனுக்கு எழும்பியதைவிடப் பெரிய மேடாக எழும்பியது. இன்னொரு புதுப் பட்டையை எடுத்து ஃபில்டர் தண்ணீரை விட்டேன். அது நேராகப் போனது. நான் போனை உன் பக்கம் திருப்பினேன்.

"இது என்னலே?"

"அம்மா, அளவு குறைவாக்கும்."

"குறைவுன்னா குறைவுன்னு சொல்லியிருக்கலாமே. ஒண்ணும் இல்லன்னு எதுக்குச் சொன்னே?"

"சொன்னா குடிப்பாவளா?"

"குடிக்கமாட்டாவ. அதுக்குத்தானே சொல்லணும்? அந்த டப்பாவுல இருந்தது எல்லாம் ஒருக்க உபயோகிச்ச பட்டைதானே?"

நீ தலையைக் குனிந்தாய். துண்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னாய், "அந்த ஷெட்டு சுமிக்க அப்பாவுக்குள்ளதாக்கும்."

சுமி நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண். காட்டாக்கடையில் அவள் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். அவள் அப்பா ஏதோ கான்ட்ராக்ட் செய்கிறார் என்றுதான் எங்களுக்குத் தெரியும். முடிவு தெரிந்ததும் ஷெட்டில் சண்டை போடத்தான் நீ மேலே போனாயாம். அங்கே அவர் உட்கார்ந்திருந்தாராம். டீ வாங்கிக் கொடுத்தாராம். கல்யாணம் முடியட்டும், கொஞ்ச மாதத்தில் ஷெட்டை அம்பூரிப் பக்கம் மாற்றிவிடுகிறேன், அதுவரை சத்தம் போடாதே என்றாராம். இதைச் சொல்லும்போது எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை உன் குரலில் இருந்தது. "கொஞ்ச மாசந்தானே அம்மா" என்றாய். "அம்பூரியில உள்ளவங்களுக்குப் பிள்ளையளு இல்லியாலே?" என்று கேட்டேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "எனக்கு மட்டும் ஃபில்டர் எதுக்கு வச்சே?" நீ நிமிர்ந்து பார்த்தாய். இவ்வளவு நேரத்தில் அப்போதுதான் என் கண்ணைப் பார்த்தாய். "நீ என் அம்மையில்லியா" என்றாய். மக்கா, நீ பட்டையை மாற்றியதை ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். பெண் வீட்டாருக்குப் பயந்ததையும் வயசுக் கோளாறு என்று விட்டிருப்பேன். இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எனக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அதைக் குடிக்கிற என்னையே சாட்சியாக நிறுத்தி, பிந்துவின் குழந்தைக்கு மற்றதைக் கொடுத்தாய். அன்பால் செய்தேன் என்கிறாய். ஊரிலுள்ள யாரும் என்னை இவ்வளவு ஏமாற்றியதில்லை.

உன் அப்பா முன்னறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கல்யாணம் முடியட்டு. பெறவு பைய சொல்லிக்கலாம்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே புதிதாக இருந்தது. உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளியில் படிக்கும்போது அவர் ஓட்டிய பஸ் பனச்சமூட்டில் ஒரு டீக்கடையின் ஓரத்தை இடித்துவிட்டது. மழையில் சறுக்கியது என்று எழுதிக்கொடுங்கள், வேலைக்கு ஒன்றும் வராது என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணயர்ந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு, வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். நீ அதைப் பள்ளியில் கட்டுரையாக எழுதினாய். "அன்னைக்கு நீங்க என்ன சொன்னிய?" என்று அவரைக் கேட்டேன். "அது நான் இடிச்சது. இது மவனுக்க வாழ்க்கை" என்றார். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அந்த மனிதரையும் நீ கொஞ்சம் சின்னவராக்கிவிட்டாய்.

நீயே வந்து கூட்டத்தில் சொல்லிவிடு, ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகசாலையில் எல்லோரும் கூடியபோது நீ வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முன்னால் போய்ச் சொன்னேன். தண்ணீரில் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பொருள் இருக்கிறது, என் மகன் அதை அறிந்தே மறைத்தான், கூட்டத்தில் காட்டியது பழைய பட்டைகள், ஷெட் அவனுக்குப் பெண் கொடுப்பவருடையது, இன்றிலிருந்து யாரும் இதைக் குடிக்கவேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ, "தாயும் மவனும் சேந்து நாடகமா போடுதிய?" என்றார்கள். சுகுமாரன், "டீச்சர் சொன்னதுனாலயாக்கும் நாங்க நம்பினது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

பிந்து கத்தவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "டீச்சர் இத எப்பம் அறிஞ்சிய?" என்று கேட்டாள். "புதனாழ்ச்ச" என்றேன். "இன்னைக்கு ஞாயிறில்லியா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், பிறகு வெளியே போய்விட்டாள். உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறேன் என்று நான் காத்திருந்த அந்த நாட்களிலும் அவள் அதே தண்ணீரில்தான் பால் கலக்கினாள். அவள் வீட்டுப் படி ஏறி, இதைக் குடிக்காதே என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? உன்னை நினைத்தேன். அவள் குழந்தையை நினைக்கவில்லை. நீ செய்ததும் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அளவில்தான் வித்தியாசம். இதை நான் எழுதாமல் விட்டால் உன்னைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அதற்குப் பிறகு நடந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். மோட்டாரை நிறுத்தினோம். சர்க்கார் லேபிலிருந்து ஆட்கள் வந்து எடுத்துப்போய், அந்தப் பொருள் இருப்பது உண்மைதான் என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்து ஷெட்டைப் பூட்டியது. விசாரணை நடக்கிறது. இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது, வரிசையில் நின்று பிடிக்கிறோம். செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்றுவரை யாருக்கும் இதனால் நோய் வந்ததாக நான் சொல்லமாட்டேன். வராமலே போகட்டும். ஆனால் தன் பிள்ளை என்ன குடிக்கிறது என்று ஒரு தாய் அறியவேண்டும். அறிந்த பிறகு கொடுப்பதும் கொடுக்காததும் அவள் தீர்மானிக்க வேண்டியது. அவளுக்காக நீ தீர்மானித்தாய். அவளுக்குத் தெரியாமல் தீர்மானித்தாய்.

நான் கூட்டத்தில் சொன்ன அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். "எனக்க மானத்த வாங்கிட்டியே அம்மா. நீயே இப்பிடிச் செய்வேன்னு நான் நினைக்கல்ல" என்றாய். ஏமாந்தவன் நீ என்பதுபோல உன் குரல் உடைந்தது. உன் அழுகையைக் கேட்டால் என் மனசு இளகும், எனக்குத் தெரியும். அதனால்தான் வைத்துவிட்டேன். வைத்துவிட்டு நானும் அழுதேன், அதையும் மறைப்பானேன்.

சுமியும் ஒருநாள் கூப்பிட்டாள். மலையாளத்தில்தான் பேசினாள். ஷெட் அவள் அப்பாவுடையது என்பது அவளுக்குத் தெரியுமாம். தண்ணீரில் கலந்தது தெரியாதாம். "ஊரெல்லாம் அறிஞ்ச பிறகுதான் அம்மே நான் அறிஞ்சேன். ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? உன்னைக் கட்டப்போகிறவள் உன்னிடம் கேட்கவேண்டிய கேள்வியை என்னிடம் கேட்கிறாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல பெண். ஆனால் பார், அவள் மனசு நோகக்கூடாது என்று அவளிடமும் நீ மறைத்திருக்கிறாய். உனக்கு யார்மேல் பிரியம் வருகிறதோ அவர்களிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்று எங்கே கற்றுக்கொண்டாய்? கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் சொல்லவேண்டியது எவ்வளவோ இருக்கும். நான் ஒன்றுதான் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் உன் வாயால் சொல். அவள் அப்பா முன்னால் வேண்டாம், தனியாகச் சொல். கேட்ட பிறகும் உன்னோடு வந்தால் அவளைக் கண்ணைப்போல் வைத்துக்கொள். வராவிட்டால் அவளைக் குறை சொல்லாதே. என்றாவது குழந்தை பிறந்தால் அதன் பாலில் எந்தத் தண்ணீர் கலக்கிறது என்று நீ பார்ப்பாய். பார்க்கிற அன்று பிந்துவின் வீட்டுக்குப் போ. என்னிடம் வருவதற்கு முன்னால் அங்கே போ. அவள் கதவைத் திறக்கிறாளோ இல்லையோ, போய் நில்.

உன் படிப்பை விட்டுவிடாதே. அந்தக் கருவியில் ஒரு குற்றமும் இல்லை. மேடு இருக்கும் இடத்தில் அது மேட்டைத்தான் காட்டியது. வேறு எத்தனையோ ஊர்களில் கிணற்றுக்கு மேலே ஷெட்டுகள் இருக்கும், அங்கெல்லாம் அது போகவேண்டும். உன் கையால் போகவேண்டும் என்றுதான் எனக்கு இன்னும் ஆசை. ஆனால் உறையை எல்லோர் முன்னாலும் கிழி.

கல்யாணத்துக்கு உன் அப்பா வருவார். வேட்டி எடுத்து வைத்திருக்கிறார். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளையின் பக்கத்தில் நிற்க ஒருவராவது வேண்டும். நான் வரவில்லை. நீ நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்காத நாள் எனக்கு இல்லை, அதை இங்கே இருந்தே நினைத்துக்கொள்கிறேன். மண்டபத்தில் எல்லோரும் உன்னிடம் கேட்பார்கள், அம்மா எங்கே என்று. அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லத்தான் உன் வாயில் வரும். கேட்கிறவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள். அப்படிச் சொல்லாதே மக்கா. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முகூர்த்த நேரத்தில்தான் இங்கே லாரி வரும். குடத்தோடு நான் வரிசையில் நிற்பேன். கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்.